லெதர் சோபா உரிகிறது. ஒட்டிச் சரிசெய்யலாமா, உறையையே மாற்ற வேண்டுமா?

முதலில் சோபாவைக் கவிழ்த்து, அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்த ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பின்பக்கம் நெய்த துணி தெரிந்தால் அது அசல் தோல் இல்லை, துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு. ஈரப்பதத்திலும் வியர்வையிலும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பூச்சு சிதைந்து, பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோல் பெயரும். பசை, பெயிண்ட் எதுவும் நிற்காது. இன்று ஒட்டினால் நாளை பக்கத்தில் உரியும். உறை மாற்றுவதுதான் வழி.

பின்பக்கம் நார்நாராக, மெத்தென்று இருந்தால் அசல் தோல். அதைக் காப்பாற்றலாம். கிழிசலுக்கு உள்ளே துணி ஒட்டு வைத்து, மேலே லெதர் ஃபில்லரை (தோலின் விரிசலை நிரப்பும் பசை) மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் மறுபடி தடவுங்கள். அப்புறம் நிறம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், பிசுக்கேறி அழுக்கைப் பிடிக்கும்.

உறை மாற்றும்போது ஸ்பாஞ்சையும் அமுக்கிப் பாருங்கள். குழி விழுந்து எழாவிட்டால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கூலி இரண்டு தடவை.