விற்கவும் முடியவில்லை, வாங்கவும் துணிவில்லை: வீடு-மனை கேள்வி பதில்

மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீடு விலை போகாத கவலையைப் பற்றியவை. வாங்க நினைப்பவர்களோ இன்னும் இறங்கும் என்று காத்திருக்கிறார்கள். பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்து கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நாகமலை புதுக்கோட்டை வாசகி: 2006-ஆம் ஆண்டில் 4 சென்ட் இடம் வாங்கி வீடு கட்டினோம், இடமும் கட்டடமுமாக 9 லட்சம் ரூபாய் ஆனது. இப்போது மகனோடு கோவையில் தங்கிவிட்டதால் வீடு பூட்டிக் கிடக்கிறது. 62 லட்சம் என்று சொல்லி எட்டு மாதங்கள் ஆகின்றன. பார்த்தவர்கள் பலர், விலை கேட்டவர் ஒருவர்தான், அவரும் 54 லட்சத்துக்குத்தான் கேட்டார். பட்டா இன்னும் பழைய உரிமையாளரோடு கூட்டாக இருக்கிறது. குறைத்துக் கொடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் கையில் இருக்கும் ஒரே உண்மையான விலை அந்த 54 லட்சம்தான். 62 லட்சம் என்பது நீங்கள் சொன்ன விலை. அதை இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் என்ன விலைக்குப் போனது என்பதைப் பத்திரங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் நம் பகுதியில் கடினம், ஏனெனில் பெரும்பாலான கிரயப் பத்திரங்கள், பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதப்படுகின்றன. கடந்த ஓராண்டுக்குள் உங்கள் பகுதியில் உண்மையிலேயே விற்றவர்களை நேரில் விசாரியுங்கள். விற்பனைக்கு இருக்கிறது என்று பலகை மாட்டியிருப்பவர்கள் சொல்லும் விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களும் உங்களைப் போலக் காத்திருப்பவர்கள்தான்.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 54 லட்சத்தை இன்று வாங்கி ஆண்டுக்கு ஆறரை சதவீத வட்டிக்கு வைப்பு நிதியில் போட்டால், வரிக்கு முன் ஓராண்டில் சுமார் 3.5 லட்சம் கிடைக்கும். ஆகவே பூட்டிக் கிடக்கும் வீட்டை இன்னும் ஓராண்டு வைத்திருந்து 57 லட்சத்துக்கு விற்றாலும் நீங்கள் சம்பாதித்தது ஒன்றுமில்லை. சொத்து வரியும், மழைக்குப் பின் செய்யவேண்டிய பழுதுபார்ப்பும் மேல்செலவு. வீட்டில் குடித்தனம் இருந்து மாதம் 12,000 வாடகை வந்துகொண்டிருந்தால் இந்தக் கணக்கு மாறும்; உங்கள் வீடு அப்படி இல்லை.

ஆனாலும் அந்த 54 லட்சத்துக்கு நாளைக்கே தலையாட்ட வேண்டாம். உங்கள் வீடு விற்காததற்கு விலை மட்டும் காரணமாக இருக்காது என்று சந்தேகிக்கிறேன். கூட்டுப் பட்டா பெரிய தடை. மந்தமான காலத்தில் வாங்குபவருக்கு எதிரே நான்கு வீடுகள் இருக்கும். வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பட்டாவில் வேறொருவர் பெயரும் இருக்கிறதே என்று குறிப்பு எழுதினால், வாங்க வந்தவர் பேரம் பேசக்கூட மாட்டார், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே முதலில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா கேட்டு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். நில அளவர் வந்து அளக்கவேண்டிய இனம் என்பதால் நாள் பிடிக்கும். அளக்கும் நாளில் பழைய உரிமையாளரோ அவருடைய வாரிசுகளோ உடனிருந்தால் தகராறு வராது. சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, கட்டட வரைபட அனுமதி ஆகியவை உங்கள் பெயரில் ஒன்றுபோல இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

இவை கைக்கு வந்தபின் 57 லட்சம் என்று ஒரே தடவையாகக் குறைத்துச் சொல்லுங்கள், 55-க்கு முடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஐம்பதாயிரமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், இவர் இன்னும் இறங்குவார் என்று தரகர்கள் தங்கள் பார்ட்டியிடம் சொல்லிவிடுவார்கள். ஒரே வீட்டைப் பத்துத் தரகர்களிடம் கொடுப்பதும் தவறு. ஆளுக்கொரு விலை சொல்லி வீட்டின் மதிப்பைக் கெடுத்துவிடுவார்கள். இருவர் போதும். சமையலறையைப் புதிதாக மாற்றுவது போன்ற செலவுகளில் இறங்காதீர்கள், போட்ட பணம் திரும்பாது. சுவரில் ஓதமும், ஓடாத மோட்டாரும், அடைத்த சாக்கடையும்தான் வாங்க வருபவரைத் துரத்துகின்றன. அவற்றை மட்டும் சரிசெய்து வெள்ளையடித்து வையுங்கள்.

வரியையும் கணக்கில் வைத்தே கடைசி விலையை முடிவு செய்ய வேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் இந்தியவாசியான தனிநபருக்கு இரண்டு வழிகள் உண்டு: பணவீக்கக் குறியீடு இல்லாமல் ஆதாயத்தில் 12.5 சதவீதம், அல்லது குறியீட்டோடு 20 சதவீதம். உங்கள் வீட்டை 2025-26 நிதியாண்டில் 54 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். முதல் வழியில் 45 லட்சம் ஆதாயத்துக்கு ஏறக்குறைய 5.63 லட்சம் வரி. இரண்டாவது வழியில் 122-லிருந்து 376-க்கு உயர்ந்த குறியீட்டின்படி உங்கள் 9 லட்சம் ஏறத்தாழ 27.7 லட்சமாகக் கருதப்படும்; ஆதாயம் 26.3 லட்சமாகக் குறைந்து, வரி சுமார் 5.25 லட்சமாகும். விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் கோவையில் வேறு வீடு வாங்கினால், அதில் போட்ட ஆதாயத்துக்கு இந்த வரியே இல்லை. மகன் வீட்டுக்கு அருகில் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே சேர்த்து யோசியுங்கள்.

திருநகர் வாசகர்: பேசி முடித்த விலை 70 லட்சம். வழிகாட்டி மதிப்பு 48 லட்சத்துக்குத்தான் வருகிறது. பத்திரத்தில் 48 போட்டுக்கொண்டு மீதி 22 லட்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள், உங்களுக்குப் பத்திரச் செலவு மிச்சமாகும் என்கிறார் விற்பவர். ஊரெல்லாம் இப்படித்தான் என்கிறார்கள். வங்கிக் கடன் வாங்கித்தான் நான் வாங்கவேண்டும்.

பதில்: ஊரெல்லாம் செய்வதால் அது சட்டப்படி சரியாகிவிடாது; வீடு விற்பனையில் முன்பணமாகவோ மீதியாகவோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதமும் உண்டு. ஆனால் உங்களுக்கு நான் சட்டத்தைச் சொல்வதைவிடக் கணக்கைச் சொல்வதே பயன் தரும்.

தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 70 லட்சத்துக்கு 6.30 லட்சம், 48 லட்சத்துக்கு 4.32 லட்சம். ஆக மிச்சம் 1.98 லட்சம். இப்போது கடனைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 70 லட்சத்துக்குப் பத்திரம் எழுதினால் 56 லட்சம் வரை கடன் கிடைக்கலாம். உங்கள் கைப்பணம் 14 லட்சமும் பத்திரச் செலவும் சேர்ந்து 20.30 லட்சம். 48 லட்சத்துக்கு எழுதினால் கடன் 38.40 லட்சம்தான்; அப்போது 9.60 லட்சம், ரொக்கம் 22 லட்சம், பத்திரச் செலவு என்று கைப்பணமாக 35.92 லட்சம் வேண்டும். இரண்டு லட்சத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் பதினைந்து லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் புரட்ட வேண்டியிருக்கும், பெரும்பாலும் வெளிவட்டிக்கு. பின்னாளில் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 48 லட்சம் என்றே கொள்ளப்படும். மறைந்த 22 லட்சத்துக்கும் 12.5 சதவீத வரி கட்டினால் அது 2.75 லட்சம். மிச்சம் பிடித்ததும் போய், அதற்கு மேலும் போகும்.

விற்பவர் இதை வற்புறுத்துவது அவருடைய வரிக்காகத்தான், உங்கள் பத்திரச் செலவுக்காக அல்ல. 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டுக்கு வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டவேண்டும். 48 என்று எழுதினால் அந்தப் பதிவே இல்லாமல் போகிறது. மந்தச் சந்தையில் முழு வெள்ளைப் பணத்தோடு, வங்கி ஒப்புதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர் அரிது. ஆகவே பேரத்தில் உங்கள் கை ஓங்கியே இருக்கிறது. முழுத் தொகைக்கும் பத்திரம், நாற்பத்தைந்து நாளில் கிரயம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு ஈடாக விலையில் ஒன்றிரண்டு லட்சம் விட்டுக்கொடுப்பதும் நியாயமே. அவர் மசியவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது சட்டப்படியான கட்டாயம். பதிவு செய்யாத காகிதத்தில் கொடுத்த அட்வான்ஸைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

வீட்டைப் பார்க்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் பல குடியிருப்புகள் பழைய கண்மாய்களின் ஓரத்திலும் வாய்க்கால் வழியிலும் எழுந்தவை. 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். வெயில் காலத்தில் பார்த்த வீட்டை ஐப்பசி மழையன்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இடம் பட்டா நிலமா, நீர்நிலையா என்ற வகைப்பாட்டை வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டில் சரிபாருங்கள். தோப்பூர்ப் பக்கம் மனை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏற்றிய விலையை அப்படியே ஒப்புக்கொள்ளும் அவசியம் இன்று எவருக்கும் இல்லை. 2016 அக்டோபர் 20-க்குப் பின் பிரிக்கப்பட்ட அங்கீகாரமற்ற மனையாக இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

சிம்மக்கல் வாசகர்: அப்பா சுயமாக வாங்கிய பழைய வீடு. உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா இருக்கிறார், நாங்கள் மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். தங்கைகளுக்குச் சீர் செய்தாகிவிட்டது, அவர்கள் கையெழுத்து எதற்கு என்கிறார் அண்ணன். வாங்க வருபவர்கள் இதைக் கேட்டதும் நழுவுகிறார்கள்.

பதில்: நழுவுவதுதான் அறிவுடைமை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த வீட்டில் அம்மாவுக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாக ஆறில் ஒரு பங்கு உண்டு. சீர் செய்தது பங்கைக் குறைக்காது. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெற்று ஆறு பேரும் ஒன்றாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள். விற்பது உறுதி என்றால் இடையில் ஒருவர் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வீணாகச் செலவு செய்யத் தேவையில்லை. சிங்கப்பூர்த் தங்கை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம்; அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். அவர் வெளிநாட்டுவாசி என்பதால் அவருடைய பங்குக்கு வாங்குபவர் பிடிக்கவேண்டிய வரி 1 சதவீதத்தைவிட மிக அதிகம். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். எந்த விலைக்குக் கீழே விற்பதில்லை என்பதை ஆறு பேரும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வதும் நல்லது, ஏனெனில் பார்ட்டி எதிரே உட்கார்ந்திருக்கும்போது உடன்பிறந்தவர்கள் தங்களுக்குள் பேரம் பேசத் தொடங்கினால் அந்த வியாபாரம் அன்றே முடிந்துவிடும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே விடுதி கட்ட வருபவர் கொடுப்பார் என்று சொல்லப்படும் பெருவிலையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தப் பகுதியில் சில இடங்கள் கோயில் நிலமாகவும் இருப்பதால் மூலப்பத்திரத்தில் அதையும் பார்த்துவிடுங்கள்.

மேலூர் வாசகர்: ஆடியில் யாரும் வீடு வாங்கமாட்டார்கள். தை வரை விளம்பரத்தை நிறுத்திவைக்கலாமா?

பதில்: ஆடியில் பத்திரம் முடிக்கமாட்டார்களே தவிர, வீடு பார்க்காமல் இருப்பதில்லை. ஆவணியில் முடிப்பவர்கள் பலரும் ஆடியில் பார்த்துப் பேசியவர்களே. அட்வான்ஸ் கொடுப்பதற்கு ஆடிப்பெருக்கை நல்ல நாளாகக் கொள்வோரும் உண்டு. வாங்குபவர் என்றால் ஆடியும் மார்கழியும்தான் பேரத்துக்கு ஏற்ற மாதங்கள்.

அவனியாபுரம் வாசகி: வீடு விலை போகாததால் மாத வாடகைக்குப் பதில் 8 லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு இரண்டு ஆண்டுக்கு ஒத்திக்குக் கொடுத்துவிட்டு, நல்ல விலை வரும்போது விற்கலாம் என்று பார்க்கிறேன். இதில் சிக்கல் உண்டா?

பதில்: அவசரப் பணத் தேவைக்கு ஒத்தி உதவும். ஆனால் அந்த 8 லட்சம் உங்கள் பணமல்ல, திருப்பித் தரவேண்டிய கடன். மகள் திருமணம், மருத்துவம் என்று செலவழித்துவிட்டால், விற்கும்போது ஒத்திக்காரரை வெளியேற்றப் பணம் இருக்காது. ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்க வங்கியும் தயங்கும், வாங்குபவரும் விலையைக் குறைப்பார். வெற்று முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை விட்டு, முறையாகப் பதிவு செய்யுங்கள். விற்பனை நடந்தால் மூன்று மாத அறிவிப்பில் பணத்தைப் பெற்றுக்கொண்டு காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை அதிலேயே எழுதுங்கள். இடையில் கிரயம் அமைந்தால், ஒத்திக்காரரையும் அன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச்சொல்லி, வாங்குபவர் தரும் தொகையிலிருந்து 8 லட்சத்தை அவர் பெயருக்கே வரைவோலையாகக் கொடுத்து, ஒத்தி தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரத்தை முதலிலும் கிரயப் பத்திரத்தை அடுத்ததாகவும் பதிவு செய்துகொள்ளலாம்.