விலைபோன மூன்று பையன்கள்

அன்புள்ள சார்,

கேசட் காலத்தைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதில் கிரீன் டே என்ற அமெரிக்க பேண்டின் ‘டூக்கி’ ஆல்பத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். ‘டூக்கி’யைக் கேட்டுத்தான் நான் கிட்டாரையே கையில் எடுத்தேன். ஆனால் எங்கள் டிரம்மர், அது பங்க்கே (வேகமான, முரட்டுத்தனமான, பெரிய கம்பெனிகளை எதிர்க்கிற ராக் இசை) இல்லை, அவர்கள் பெரிய கம்பெனிக்கு விலைபோய்விட்டார்கள், அதற்கு முந்தைய இரண்டு ஆல்பங்கள்தான் அசல் என்று தினமும் சண்டை போடுகிறான். அவன் சொல்வது சரியா? பெரிய லேபிளில், அதாவது பெரிய இசைக் கம்பெனியில், இருந்துகொண்டு பங்க் பாட முடியாதா?

தி.,
கோவை

அன்புள்ள தி.,

உங்கள் டிரம்மர் பிறப்பதற்கு முன்பே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. ஆல்பம் வெளிவந்தது 1994 பிப்ரவரி 1. அதற்கு முந்தைய வருடமே, அவர்கள் வார்னர் குழுமத்தின் ரிப்ரைஸ் லேபிளில் கையெழுத்துப் போட்டதும், சொந்த ஊரில் ஏச்சு ஆரம்பித்தாயிற்று.

முதலில் நான் எப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் ஒரு நண்பன் 90 நிமிட கேசட்டில் பதிவு செய்து கொடுத்தான். ஒரு பக்கம் 45 நிமிடம், ‘டூக்கி’ மொத்தமே 40 நிமிடத்துக்குள் என்பதால் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. மறுபக்கம் ராஜா பாட்டு. கடைசிப் பாட்டு முடிந்ததென்று எழுந்து கேசட்டைத் திருப்பப் போனால், கொஞ்ச நேர அமைதிக்குப் பிறகு டிரம்மர் டிரே கூல் தனியாகக் குழைந்து குழைந்து ஒரு விளையாட்டுப் பாட்டுப் பாடுவார். உறையில் அந்தப் பாட்டின் பெயரே கிடையாது. கேசட்டின் கோளாறு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கில்மன் தெருவில் 924ஆம் எண் கட்டடம். பழைய கிடங்கு மாதிரி ஓர் இடம், பங்க் பேண்டுகள் வாசிக்கிற கிளப். 1986 டிசம்பர் 31 அன்று திறந்தார்கள். நடத்துவது தன்னார்வலர்கள், எந்த வயதுக்காரரும் வரலாம், உள்ளே குடி கூடாது, இனவெறியும் பெண்களை இழிவு செய்வதும் கூடாது. பெரிய லேபிளில் இருக்கும் பேண்ட் அங்கே வாசிக்கக் கூடாது என்பதும் அந்த இடத்தின் விதியாக இருந்தது. கிரீன் டேயின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக் டர்ன்ட்டும் பள்ளிப் பருவத்திலிருந்து அங்கேயே கிடந்தவர்கள். கையெழுத்துப் போட்டதும் அந்த வாசல் அவர்களுக்கு மூடிக்கொண்டது. நம் ஊரில் சிற்றிதழில் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் வார இதழில் தொடர் எழுதப் போனால் எப்படியெல்லாம் பேசுவார்கள் என்று நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அதே பேச்சுதான், ஆனால் இங்கே பேச்சோடு விட்டுவிடுவோம்.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதை யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை. இரண்டாவது ஆல்பமான ‘கெர்ப்ளங்க்’, லுக்அவுட் என்ற சின்ன லேபிளில் வெளிவந்து, சுமார் 50,000 பிரதிகள் விற்றது. ஒரு வீட்டு அறையில் தொடங்கிய லேபிளுக்கு அது தாங்காத சுமை. இன்னொரு பக்கம் 1991இல் நிர்வாணா என்ற ராக் பேண்ட் வெடித்த பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் அடுத்த நிர்வாணா எங்கே என்று சின்னச் சின்ன கிளப்களில் சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தன. இவர்களுக்கு அப்போது 20, 21 வயது. பில்லி ஜோவுக்குப் பத்து வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மா ஹோட்டலில் பரிமாறும் வேலை செய்தவர். ரிப்ரைஸிலிருந்து ராப் கவாலோ வந்தார். தயாரிப்பாளர்தான், ஆனால் கிட்டாரை எடுத்து அவர்களோடு உட்கார்ந்து வாசிக்கத் தெரிந்தவர். பையன்களுக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கம்பெனி அவர்களை என்ன செய்தது? உங்கள் டிரம்மர் கற்பனை செய்வதுபோல லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கூட்டிப்போய் சீவிச் சிங்காரித்துவிடவில்லை. பதிவு நடந்தது பெர்க்லியிலேயே, ஃபேன்டஸி ஸ்டுடியோவில். சுமார் மூன்று வாரம். மிக்ஸ் செய்து கேட்டுப் பார்த்தால் பையன்களுக்குப் பிடிக்கவில்லை. பூச்சில்லாத, வறண்ட ஒலி வேண்டும் என்றார்கள், பழைய பிரிட்டிஷ் பங்க் பேண்ட் செக்ஸ் பிஸ்டல்ஸின் ஆல்பத்தில் இருக்கிற மாதிரி. திரும்ப முதலிலிருந்து மிக்ஸ் செய்தார்கள், ஜெர்ரி ஃபின் என்ற ஒலிப் பொறியாளர் அதில் கைகொடுத்தார். மணிக்கணக்குக்கு வாடகை கட்டி ஸ்டுடியோவில் பதிவு செய்திருந்தால் உங்களுக்குப் புரியும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்துவிட்டு, வந்தது வரட்டும் என்று ஃபைலை வாங்கிக்கொண்டு வெளியே வந்திருப்பீர்கள். எனக்குப் பிடிக்கவில்லை, இன்னொரு தரம் செய்வோம் என்று சொல்ல முடிந்தது பாருங்கள், பெரிய கம்பெனியின் பணத்தில் அவர்களுக்குக் கிடைத்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

அட்டைப் படத்தைக் கூட அந்த வட்டாரத்து பங்க் ஓவியர் ரிச்சி புச்சரிடம்தான் கொடுத்தார்கள். பெர்க்லியின் ஒரு தெருவில் மலக் குண்டு விழுந்து புகை எழும்புகிறது. டூக்கி என்றால் வேறென்ன, மலம்தான். ஊர் ஊராகப் போய் கண்டதைத் தின்று பேதியானதன் நினைவாக வைத்த பெயர். விலைபோனவர்கள் வைக்கிற பெயரா இது?

பாட்டுகளில் என்ன இருக்கிறது? சோபாவில் கிடந்து டிவி பார்த்துப் பார்த்துச் சலித்த ஒருவன் ‘லாங்வியூ’வில். பில்லி ஜோவுக்கு இருந்த பீதித் தாக்குதல்கள் ‘பாஸ்கெட் கேஸி’ல். என்ன நோய் என்று தெரியாமல், தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்த நாட்களிலிருந்து வந்த பாட்டு அது. ‘லாங்வியூ’ தொடக்கத்தில் உருண்டு உருண்டு வரும் பேஸ் வரி, மைக் எல்எஸ்டி போதையில் தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்தது. (நீங்கள் அந்த வழியில் முயல வேண்டாம். தெளிந்த பிறகு அவருக்கே அதில் பாதி மறந்துபோயிருந்தது.)

இப்போது உங்கள் டிரம்மருக்கு ஒரு வேலை. ‘வெல்கம் டு பேரடைஸ்’ என்ற பாட்டு ‘கெர்ப்ளங்க்’கிலும் இருக்கிறது, ‘டூக்கி’யிலும் இருக்கிறது. வீட்டைவிட்டு வெளியேறி ஓக்லண்டின் பாழடைந்த பகுதியில் தங்கிய பையன் அம்மாவுக்கு எழுதுகிற மாதிரி பாட்டு. முதல் பகுதியில் வீட்டைவிட்டு வந்து மூன்று வாரம், புலம்புகிறான். அடுத்ததில் ஆறு மாதம் ஆகிவிட்டது, சிரிக்கிறான், அந்த இடமே வீடாகிவிட்டது. சொற்கள் மாறவில்லை. பழைய பதிவில் டிரம்ஸ் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல எனக்குக் கேட்கும். நடுவில் பாட்டு நின்று, கிட்டாரும் பேஸும் மட்டும் இருட்டில் படி இறங்குவதுபோல இறங்குகிற இடம் ஒன்று உண்டு. புதிய பதிவில் அந்த இடத்தில் பேஸ் நெஞ்சில் இடிக்கிறது. பழையதில் அது இரைச்சலுக்குள் கரைந்துவிடும். பழையதன் அவசரம் எனக்கும் பிடிக்கும், ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் புதியதை எடுத்துக்கொள்வேன்.

இழப்பு இல்லையா என்றால், உண்டு. அடுத்த வருடம் வந்த ‘இன்சோம்னியாக்’ ஆல்பத்தில் ‘86’ என்று ஒரு பாட்டு, கில்மனுக்குத் திரும்பிப் போக முடியாததைப் பற்றி. அந்த வலி நிஜம். கில்மன்காரர்கள் மீதும் எனக்குக் கோபமில்லை, கூட்டம் வரும் என்பதற்காக விதியை ஒருவருக்குத் தளர்த்தியிருந்தால் அந்த இடம் இத்தனை வருடம் நின்றிருக்காது. 1994 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழாவில் மேடைக்குச் சேறு பறந்து வந்தது. சேறு பூசிக்கொண்டு நின்ற மைக்கை ரசிகன் என்று நினைத்து ஒரு காவலாள் மடக்கியதில் அவருடைய பல் உடைந்தது. பின்னாளில் அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கு மேல் விற்ற ஆல்பத்தின் சொந்தக்காரர், மேடையில் ஆள் அடையாளம் தெரியாமல் அடி வாங்கினார்.

ஒன்று மட்டும் உங்கள் டிரம்மரிடம் சொல்லுங்கள். சின்ன லேபிள் என்றால் நேர்மை, பெரிய லேபிள் என்றால் அயோக்கியத்தனம் என்று கணக்குப் போட வேண்டாம். ராயல்டி வரவில்லை என்று கிரீன் டே 2005இல் தங்கள் பழைய ஆல்பங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது லுக்அவுட்டிடமிருந்துதான். அதே 1994இல் தி ஆஃப்ஸ்பிரிங் என்ற பேண்டின் ‘ஸ்மாஷ்’ எபிடாஃப் என்ற சுயாதீன லேபிளில் வந்து ஒரு கோடிக்கு மேல் விற்றது, அதையும் பங்க் இல்லை என்றவர்கள் உண்டு. விற்றுவிட்டாலே குற்றம் என்றால் நாம் என்ன செய்வது?

2015 மே மாதம் கிரீன் டே மறுபடியும் கில்மனில் வாசித்தது, நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றுக்காக. 22 வருடம் கழித்து.

அப்புறம், ‘முந்தைய இரண்டு ஆல்பங்கள்’ என்று உங்கள் நண்பர் சேர்த்துச் சொல்கிறாரே, முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தது டிரே கூல் இல்லை, வேறு ஆள். ‘கெர்ப்ளங்க்’கிலும் ‘டூக்கி’யிலும்தான் அவர். ஒரு டிரம்மர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

உங்கள் பேண்டின் பாட்டு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.

அன்புடன்