கட்டியே இல்லாமல் லிம்போமாவா?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கி, கண்ணெல்லாம் மஞ்சள். சிவப்பணுக்களின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ். ஸ்டீராய்டு கொடுத்தால் ஏறுகிறது, குறைத்தால் மறுபடி இறங்குகிறது. இப்போது எலும்பு மஜ்ஜையைப் பரிசோதித்துவிட்டு லிம்போமா என்கிறார்கள். ஸ்கேனில் ஒரு கட்டிகூட இல்லையே?

பதில்: லிம்போமா என்பது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினால்தான் லிம்போமா என்று நினைக்கிறோம், பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆனால் நிணநீர்க் கணு, மண்ணீரல், கல்லீரல் எதையும் தொடாமல் மஜ்ஜைக்குள்ளேயே தொடங்கும் வகையும் உண்டு. மிக அரிது, அதனால் தாமதமாகத்தான் பிடிபடும்.

சரி, ரத்தம் ஏன் அழிகிறது? நோயை எதிர்க்கும் செல்களே கெட்டுப்போகும்போது, சில சமயம் சொந்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகிவிடுகிறது. சுமார் 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு சீக்கிரமே உடைந்து போகிறது, மஞ்சள் அதனால்தான்.

பழைய ரிப்போர்ட்டில் ரெட்டிகுலோசைட், அதாவது மஜ்ஜை புதிதாக அனுப்பும் இளம் சிவப்பணுக்களின் அளவைப் பாருங்கள். சிவப்பணு இப்படி அழியும்போது மஜ்ஜை மும்முரமாகப் புதியவற்றை அனுப்பி அந்த எண் ஏற வேண்டும். ஏறாமல் கிடந்தாலோ, கூடவே பிளேட்லெட்டும் குறைந்தாலோ மஜ்ஜை மேல்தான் சந்தேகம் வரும். மஜ்ஜையைப் பார்க்கச் சொன்ன டாக்டர் கெட்டிக்காரர்.

இனி ஸ்டீராய்டு மட்டும் போதாது, லிம்போமாவை அடக்கினால்தான் ரத்தச்சோகையும் அடங்கும். எதிர்ப்பொருள் உருவாக்கும் வெள்ளணுவான பி செல்லில் தொடங்கிய வகை என்றால் பெரும்பாலும் கீமோவோடு, அந்தச் செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தும் கொடுப்பார்கள், அது இரண்டு நோய்க்குமே உதவும். அதற்கு முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று கட்டாயம் கேளுங்கள், உள்ளே பதுங்கியிருக்கும் அந்த வைரஸ் இந்த மருந்தால் கிளம்பிவிடலாம். அப்புறம், ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.