டிடிஎஸ் 450 என்றால் தண்ணீர் நல்லது என்று அர்த்தமில்லை

தர்மபுரிப் பக்கம் 600 அடி போர்வெல், டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்பு) மீட்டரில் 450, ஆனாலும் ஏழு வயதுப் பையன் பல்லில் பழுப்புக் கோடுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் சொல்லும். பல்லில் இப்படிக் கோடு விழவைக்கக்கூடிய ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருந்தால்கூட அந்த 450-க்குள் அது காணாமல் போய்விடும். இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம்; வேறு தண்ணீரே இல்லாவிட்டால் அதிகபட்சம் 1.5.

உங்கள் பக்கம் கருங்கல் பாறை. அதிலிருக்கும் தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து வருகிறது. சுண்ணாம்புச் சத்து குறைவாகவும் காரத்தன்மை கூடுதலாகவும் உள்ள தண்ணீரில் இன்னும் அதிகமாகக் கரையும். அதனால் சோதனை கொடுக்கும்போது கால்சியம் (சுண்ணாம்புச் சத்து), பிஎச் (அமில-கார அளவு) இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். ஆழமாகப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடி வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை கட்டாயம், அளவு மாறும்.

காய்ச்சுவது உதவாது. தண்ணீர் வற்ற வற்ற ஃப்ளோரைடு செறிவு கூடத்தான் செய்யும். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ மழைநீரோ பயன்படுத்துங்கள். அப்புறம், பையனைப் பல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள். அவனுக்கு இன்னும் சில நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது இது.