நாலரை மாசக் குழந்தை பாட்டிலைப் பார்த்தாலே அழுறான், மூணு வாரத்துல வேலைக்குப் போகணும்

கேள்வி: பையனுக்கு நாலரை மாசம், இதுவரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். ஆபீஸ் போய்ட்டு வர பத்து மணி நேரம் ஆயிடும். பால் எடுத்து பாட்டில்ல குடுத்தா உடம்பை வில்லு மாதிரி வளைச்சுக்கிட்டு கத்துறான். பட்டினி போட்டா தானா குடிப்பான்னு மாமியார் சொல்றாங்க, ரப்பர்ல தேன் தடவிக் குடுன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. என்ன பண்றது டாக்டர்?

மருத்துவர் பதில்: முதல்ல அந்தத் தேனை எடுத்து உள்ள வச்சிடுங்கம்மா. ஒரு வயசு முடியுற வரைக்கும் ஒரு சொட்டு கூட வேண்டாம், தேன்ல சில சமயம் இருக்குற ஒரு கிருமி குழந்தை குடல்ல வளர்ந்து விஷத்தை உண்டாக்கி கை கால் எல்லாம் தொவண்டு போயிடும், மூச்சு வரைக்கும் பாதிக்கும். பட்டினி போடுறதும் வேண்டவே வேண்டாம், பசி உச்சத்துல இருக்குற குழந்தை புதுசா ஒண்ணைப் பழகுமா, அழத்தான் செய்யும், அப்புறம் பாட்டிலைப் பார்த்தாலே அந்த அழுகைதான் ஞாபகம் வரும்.

அவன் பிடிவாதம் பிடிக்கலம்மா. உங்ககிட்ட குடிக்கும்போது வாயை நல்லா திறந்து கருவட்டத்தோட சேர்த்துக் கவ்வி, நாக்கால அமுக்கி, அவனே வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக் குடிக்கிறான். பாட்டில்ல வாய் வச்ச உடனே கொட்டுது, மூச்சு முட்டுது, நாக்கால வெளிய தள்ளுறான், அவ்ளோதான் விஷயம்.

நான் உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான், பாட்டில் எதுக்கு? நீங்க இல்லாதப்போ அவன் வயித்துக்குப் பால் போகணும், அதுக்குப் பாலாடை, அதான் சங்கு மாதிரி மூக்கு வச்ச சின்னக் கிண்ணம், போதுமே! எங்க வார்டுல குறைமாசக் குழந்தைங்களுக்கே அதுலதான் குடுக்குறோம், கழுவுறதும் சுலபம், பாட்டில் ரப்பர் இடுக்குல பால் தங்கி வயித்துப்போக்கு வர்ற பயம் இல்ல. குழந்தையைப் படுக்க வைக்காம மடியில நிமிர்த்தி உக்கார வச்சு, கழுத்தைத் தாங்கிப் பிடிச்சுக்கணும். பாலாடை மூக்கு கீழ் உதட்டுல லேசா பட்டாப் போதும், பால் உதட்டைத் தொட்டதும் நாக்கு வெளிய வரும், சப்புக் கொட்டி உறிஞ்சுவான், முழுங்கினதுக்கு அப்புறம்தான் அடுத்த வாய். ஊத்தக் கூடாது, மூக்கைப் பிடிச்சுப் புகட்டவே கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். மொதல் ரெண்டு மூணு நாள் பாதிப் பால் சட்டையிலதான் போகும், பரவால்ல.

இல்ல டாக்டர் பாட்டில்தான் வேணும்னா, மெதுவா வர்ற நிப்பிள் வாங்குங்க, பாட்டிலைப் படுக்கை வசமாப் பிடிங்க, உதட்டுல தொட்டு அவனா வாய் திறக்குற வரைக்கும் காத்திருங்க. எதுல குடுத்தாலும் குடுக்குறது உங்க மாமியாரா இருக்கட்டும், நாளைக்கு அவங்கதானே பார்த்துக்கப் போறாங்க, நீங்க மாடிக்கோ கடைக்கோ போயிடுங்க, அம்மா வாசனை பக்கத்துலயே இருந்தா நிறைய குழந்தைங்க வேற எதையும் வாங்காது. தூங்கி எழுந்து சிரிச்சுட்டு இருக்கும்போது, கையை வாய்ல வைக்க ஆரம்பிக்குற நேரமாப் பார்த்து, தினம் ஒரு தடவை, பத்தே நிமிஷம். அழுதா நிறுத்திடுங்க.

இன்னொண்ணு, எடுத்து வச்ச பாலை நீங்களே ஒரு வாய் ருசி பாருங்க. சில அம்மாக்களோட பால் ஃப்ரிட்ஜ்ல இருந்தா சோப்பு வாடை அடிக்கும், கெட்டுப் போகல, பால்ல இருக்குற லைபேஸ்ங்கிற நொதி கொழுப்பை உடைக்குறதால அப்படி, ஆனா அந்த ருசி பிடிக்காமலும் துப்பலாம். அப்போ எடுத்த உடனே ஓரத்துல சின்னக் குமிழ் வர்ற அளவுக்கு மட்டும் சூடு பண்ணி, சட்டுனு ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க.

நீங்க வெளிய இருக்குற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30லேர்ந்து 45 மில்லி கணக்கு வச்சுக்கோங்க, ஒரு தடவைக்கு 60லேர்ந்து 120 மில்லி. எடுத்த பால் ஃப்ரிட்ஜுக்கு வெளிய 4 மணி நேரம் தாங்கும்னு சொல்வாங்க, அது 25 டிகிரி ரூமுக்கு, நம்ம ஊர் வெயிலுக்கு எடுத்த உடனே ஃப்ரிட்ஜ் உள்பக்கம் வச்சிடுங்க, கதவுல வேண்டாம், 4 நாள் தாங்கும். குடுக்கும்போது வெந்நீர்ல கிண்ணத்தை வச்சு சூடு பண்ணுங்க, மைக்ரோவேவ் வேண்டாம். அவன் வாய் வச்ச மிச்சத்தை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.

ஆபீஸ்லயும் கேளுங்க, குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் குடுக்க ஒரு நாளைக்கு ரெண்டு இடைவேளை சட்டத்துலயே இருக்கு, அந்த நேரத்துல பால் எடுத்தா மார்பு கட்டாது, பாலும் குறையாது. வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் பகல்ல கொஞ்சமாக் குடிச்சுட்டு ராத்திரி பூரா உங்களை விடமாட்டான், பால் பத்தலையோன்னு பயந்து பவுடர் பாலுக்குப் போயிடாதீங்க, பகல்ல விட்டதை ராத்திரி பிடிக்கிறான். ஆனா 24 மணி நேரத்துல ஆறு தடவைக்குக் கம்மியா ஒண்ணுக்குப் போனாலோ, சுணங்கிப் படுத்துக்கிட்டாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ அன்னைக்கே குழந்தை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுங்க.