கால் நடுங்குகிறது, இன்னும் எத்தனை நிமிடம்?

கேள்வி: எனக்கு 46 வயது. சிங்கப்பூரில் அலுவலக வேலை. ஞாயிறு காலையில் ஒரு சிஃபுவிடம் (சீனத் தற்காப்புக் கலை ஆசான்) தைச்சியும் கொஞ்சம் சிங்யியும் கற்று வருகிறேன். மரத்தைக் கட்டிப்பிடிப்பது போலக் கைகளை வளைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும் ஜான் ஜுவாங் பயிற்சியைத் தினமும் வீட்டில் செய்யச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று கேட்டால், "நின்றால் தெரியும்" என்கிறார். கூடப் பயில்பவர் ஒருவர் ஒரு மணி நேரம் நிற்கிறாராம். 40 நிமிடத்துக்குக் குறைந்தால் பிரயோசனமே இல்லை என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கோ 12 நிமிடத்தில் தொடை நடுங்குகிறது, இடது முழங்கால் வலிக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் சாப்பிடுகிறேன். நான் எவ்வளவு நேரம் நிற்கலாம்?
– வாசகர், ஜூரோங், சிங்கப்பூர்

பதில்: இப்போதைக்கு 10 நிமிடம். அதுவும் முழங்கால் வலி போன பிறகுதான். தொடை நடுங்குவதையும் முழங்கால் வலிப்பதையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம்.

நடுக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். தொடைத் தசை அசையாமல் பாரம் தாங்குகிறது, களைக்கக் களைக்கத் தசை இழைகள் ஒன்றுபோல் இழுக்காமல் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் இழுக்கும், அதுதான் நடுக்கம். மெல்லிய நடுக்கமென்றால் நின்றுகொண்டே இருக்கலாம். மேசை ஆடுகிற மாதிரி ஆடினால் இரண்டு அங்குலம் உயர்ந்து நில்லுங்கள். தாழ்ந்து நின்றால்தான் கெட்டிக்காரத்தனம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

முழங்கால் மூட்டுக்குள் குத்தினால் மட்டும் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். அங்கே பொறுத்துப் பார்ப்பது வீரம் ஆகாது. பெரும்பாலும் இடுப்பைத் தாழ்த்தாமல் முழங்காலை மட்டும் முன்னால் தள்ளி நிற்பதால் வரும் வினை இது. வெறுங்காலோடு நின்று குனிந்து பாருங்கள். கால் விரல் நுனி தெரிகிறதா? முழங்கால் மறைத்தால் அளவுக்கு மீறி மடக்கியிருக்கிறீர்கள். அப்புறம், முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்றும் பாருங்கள். பாதம் பார்க்கும் திசையைத்தான் முழங்காலும் பார்க்க வேண்டும். பாரம் முன்பாதத்தில் குவியாமல் நடுப்பாதத்துக்குச் சற்றுப் பின்னால் இறங்கட்டும். இவ்வளவையும் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி நிற்க வேண்டும்.

சரி, அந்த ஒரு மணி நேரக் கணக்குக்கு வருவோம். அது பொய்யில்லை. ஹெபெய் மாகாணத்தில் 1885-இல் பிறந்த வாங் சியாங்ஜாய், சிங்யி ஆசான் குவோ யுன்ஷென்னிடம் பயின்றவர். பின்னாளில் வரிசை வரிசையான அடிமுறைகளை ஒதுக்கிவிட்டு, நிற்பதையே நடுநாயகமாக வைத்து யீச்சுவான் என்ற கலையை உருவாக்கினார். சிறுவனாக அவர் நின்ற இடத்தில் தரை வியர்வையில் நனைந்திருக்கிறதா என்று குரு பார்ப்பாராம், நனையாவிட்டால் இன்னும் நிற்கச் சொல்வாராம். அவருடைய வழியில் வந்தவர்கள் சொல்லும் கதை இது. எவ்வளவு நிஜமோ, ஆனால் அதில் கடிகாரமே இல்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதே வாங் 1950-களில் மருத்துவமனையில் நாள்பட்ட நோயாளிகளுக்கும் இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். அவர்களை உயரமாக நிற்க வைத்தார். நிற்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் நிலைகள் இருந்தன. சண்டைக்காரனுக்கு ஓர் அளவு, நோயாளிக்கு ஓர் அளவு என்று ஒரே மனிதர் வைத்திருந்தபோது, உலகத்துக்கே 40 நிமிடம் என்று ஒருவர் எப்படிச் சட்டம் போடுகிறார் என்று தெரியவில்லை. ஞாயிறு தைச்சிக்கும் உடம்பு நலத்துக்கும் நிற்கிற ஒருவருக்கு 20 நிமிடம் தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம். மோதிப் பயில்கிறவர்கள், தள்ளினாலும் வேர் பிடித்து நிற்க விரும்புகிறவர்கள் 40, 60 என்று போகட்டும். அவர்களும் நிற்பதோடு விடுவதில்லை, அடியெடுத்து வைக்கவும் விசையை வெளிப்படுத்தவும் தனியாகப் பழகுகிறார்கள்.

உங்கள் 10 நிமிடத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரிரண்டு நிமிடம் கூட்டுங்கள். அவசரப்படாமல் போனால் ஐந்தாறு மாதத்தில் 20 வந்துவிடும். வந்ததும் சில மாதம் அங்கேயே இருங்கள். ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரம் நின்று மற்ற நாள் டிமிக்கி கொடுப்பதைவிட, தினம் 10 நிமிடம் எவ்வளவோ மேல். இடையில் நான்கு நாள் விட்டுப்போனால் பழைய பாக்கியைச் சேர்த்து அடைக்கப் பார்க்காதீர்கள், சற்றுக் குறைத்தே தொடங்குங்கள். இந்தக் கணக்கு இரு காலிலும் சமபாரமாக நிற்கும் நிலைக்குத்தான். ஒரு காலை முன்னால் வைத்து நிற்கும் சிங்யியின் சான்தி ஷி நிலையில் பாரம் பெரும்பாலும் பின்காலில் விழும். அங்கே ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், பிறகு கால் மாற்றி அதே அளவு, இப்போதைக்கு அது போதும்.

ஒருநாள் 8 நிமிடத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கும். எப்படித் தெரியும்? தோள்பட்டை காதை நோக்கி ஏறும். மூச்சு உங்களை அறியாமல் நின்று நின்று வரும். பிட்டம் பின்னால் துருத்திக்கொண்டு இடுப்பு வளையும். ஒருமுறை திருத்துங்கள். திருத்திய அரை நிமிடத்தில் மறுபடி அப்படியே ஆனால் அன்றைய கணக்கு முடிந்தது. அதற்கு மேல் நின்றால் கோணலாக நிற்கத்தான் உடம்பு பழகும். "நின்றால் தெரியும்" என்று உங்கள் சிஃபு சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்!

மாத்திரை விஷயத்தைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் முக்கியம். அசையாமல் தசையை இறுக்கி நிற்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், மூச்சைப் பிடித்தால் இன்னும் ஏறும். இன்னொரு பக்கம், கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே திரும்பும். அணிவகுப்பில் விறைப்பாக நிற்கும் சிப்பாய்கள் சில சமயம் மயங்கி விழுவது இதனால்தான். சில மாத்திரைகள் நிற்கும்போது அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடும். ஆகவே இப்படிப் பயிற்சி செய்கிறேன் என்று உங்கள் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் சரியென்றால், முழங்காலை லேசாக மட்டும் தளர்த்தி உயரமாக நில்லுங்கள், கைகளை மார்புக்கு நேராகத் தூக்காமல் தொப்புள் மட்டத்தில் வையுங்கள். கண் இருட்டினாலோ காது அடைத்தாலோ டைமரைப் பார்க்காமல் உட்கார்ந்துவிடுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம். முடிக்கும்போதும் சட்டென்று சோபாவில் விழாமல், கைகளை அடிவயிற்றில் வைத்து மெல்ல நிமிர்ந்து, இரண்டு நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

வரும் ஞாயிறு சிஃபுவிடம் நிமிடக் கணக்கைக் கேட்காதீர்கள். அவர் எதிரில் வலி வராத அளவுக்குச் சற்று நேரம் நின்று, பக்கவாட்டிலிருந்து இடது முழங்காலைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அதற்கு நிச்சயம் பதில் சொல்வார்.