வேப் வரி வருகிறது: எதை வாங்கி வைப்பது, எதை விடுவது?

சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறி இரண்டு வருடம் ஆகிறது. அக்டோபரில் வரி வருகிறதாம். வேப்பில் ஊற்றும் லிக்விட்டை மொத்தமாக வாங்கி வைக்கலாமா? நாளுக்கு 3 மி.லி. செலவாகிறது.
— வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

வாங்கலாம், ஆனால் ஆறு மாதத் தேவைக்கு மேல் வேண்டாம்.

2026 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் ஒவ்வொரு 10 மி.லி. லிக்விட்டுக்கும் 2 பவுண்டு 20 பென்ஸ் தீர்வை. அதன் மேல் வாட் வரியும் ஏறுவதால் பாட்டிலுக்கு 2.64 பவுண்டு கூடும். நிகோட்டின் இல்லாத லிக்விட்டுக்கும் இதே கணக்குதான். உங்களுக்கு மாதம் 9 பாட்டில் ஆகும், அதாவது கூடுதல் செலவு 23.76 பவுண்டு. ஆறு மாதத்துக்கு 54 பாட்டில்.

அதற்கு மேல் ஏன் வேண்டாம் என்றால், லிக்விட் அரிசி மூட்டை அல்ல. மாதங்கள் போகப் போகப் பழச்சுவைகள் மங்கும், நிகோட்டின் காற்றுப்பட்டுப் பழுப்பேறித் தொண்டையில் மிளகுபோலக் காரும். இன்னொன்றும் உண்டு: மி.லி.க்கு 20 மி.கி. நிகோட்டினிலிருந்து 10-க்கு இறங்க வேண்டும் என்று நாளை உங்களுக்கே தோன்றலாம். அலமாரி நிறைய 20 மி.கி. பாட்டில் இருந்தால் அதுவே உங்களைப் பிடித்து வைக்கும். தள்ளுபடியில் வருவது பெரும்பாலும் காலாவதி நெருங்கிய சரக்கு. பெட்டியை அல்ல, பாட்டிலில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள்.

அக்டோபருக்குப் பிறகு கடையில் வாங்கும்போது தீர்வை முத்திரையைக் கவனியுங்கள். முத்திரை இல்லாத பழைய சரக்கை 2027 மார்ச் இறுதி வரைதான் விற்கலாம்.

பெரிய டேங்க், 3 மி.கி. லிக்விட், நாளுக்கு 10 மி.லி. எனக்கு எவ்வளவு அடி விழும்?
— வாசகர், ஹாரோ

உங்களுக்குத்தான் பலத்த அடி. வரி நிகோட்டினின் அளவைப் பார்ப்பதில்லை, மில்லிலிட்டரைத்தான் பார்க்கிறது. மாதம் 300 மி.லி. என்றால் 79.20 பவுண்டு வரி மட்டும். 50 மி.லி. ஷார்ட்ஃபில் (நிகோட்டின் இல்லாத லிக்விட்) பாட்டிலில் 18 மி.கி. நிக் ஷாட் (10 மி.லி. நிகோட்டின் லிக்விட்) ஒன்றை ஊற்றி 60 மி.லி. ஆக்குகிறீர்களே, அந்த ஒரு கலவைக்கே 15.84 பவுண்டு.

இதற்கு லிக்விட்டை வாங்கிக் குவிப்பது பதிலாகாது. கருவியை மாற்றுவதுதான் பதில். இப்போது நாளுக்கு 30 மி.கி. நிகோட்டின் உள்ள லிக்விட் செலவாகிறது. அதே 30 மி.கி., மி.லி.க்கு 20 மி.கி. உள்ள நிக் சால்ட்டில் (நிகோட்டின் உப்பு லிக்விட்) ஒன்றரை மி.லி.யிலேயே இருக்கிறது. மாதம் 45 மி.லி., வரி 11.88 பவுண்டு. சிகரெட் இழுப்பதுபோல வாயில் வாங்கி இழுக்கும் சின்ன பாட் கருவியும், 0.8 முதல் 1.2 ஓம் வரையிலான காயிலும் (பஞ்சு உறிஞ்சும் லிக்விட்டைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) போதும்.

இரண்டு தவறுகளைச் செய்துவிடாதீர்கள். 20 மி.கி. லிக்விட்டைப் பழைய பெரிய டேங்கில் ஊற்றினால் நாலு இழுப்பில் தலை சுற்றும், குமட்டும். கையிலிருக்கும் கெட்டியான 70 சதவீத விஜி (தாவரக் கிளிசரின்) லிக்விட்டைச் சின்ன பாட் கருவியில் ஊற்றினால் பஞ்சு அதை வேகமாக உறிஞ்ச முடியாமல் காய்ந்து கருகும். சின்ன பாட் கருவிக்கு விஜி பாதி மட்டும் கலந்த நீர்த்த லிக்விட்தான் சரி.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். வாங்கிய பாட்டில்களை எங்கே வைப்பது?
— வாசகி, டூட்டிங்

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். மி.லி.க்கு 20 மி.கி. உள்ள 10 மி.லி. பாட்டில் ஒன்றில் 200 மி.கி. நிகோட்டின் இருக்கிறது. ஒரு மடக்கு குழந்தையின் உள்ளே போனாலும் ஆபத்து. மாம்பழ வாசனையும் வண்ண லேபிளும் அவளுக்கு இனிப்பாகத்தான் தெரியும்.

பூட்டுள்ள பெட்டியில், படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ரேடியேட்டர் பக்கமும் சன்னலோரமும் கூடாது, வெயிலும் சூடும்தான் லிக்விட்டைக் கெடுப்பவை. ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். அது குழந்தை கைநீட்டும் இடம், உணவு இருக்கும் இடம். பாட்டிலை நிறுத்தி வையுங்கள். மூடியில் வாங்கிய மாதத்தை மார்க்கரால் எழுதிப் பழையதை முதலில் எடுங்கள். வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள், குழந்தை திறக்க முடியாத மூடி அசல் பாட்டிலில்தான் இருக்கிறது. தோலில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 999-ஐ அழையுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

லிக்விட் தவிர வேறென்ன வாங்கி வைக்கலாம்?
— வாசகர், இல்ஃபோர்டு

காயில். பலர் மறப்பது இதைத்தான். வரி லிக்விட்டுக்கு மட்டும், காலிக் காயிலுக்கு இல்லை. ஆனால் நிறுவனம் ஒரு மாடலை நிறுத்தினால் அதற்கான காயிலும் கொஞ்ச நாளில் கடையிலிருந்து மறைந்துவிடும். பத்து நாளைக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 36, ஐந்து கொண்ட பெட்டி எட்டு. பிரிக்காத காயில் கெடாது. புதிதாகப் போடும்போது பஞ்சில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, நிரப்பி, பத்து நிமிடம் பொறுத்து இழுங்கள். பொறுக்காமல் இழுத்தால் முதல் இழுப்பிலேயே கருகும், அந்தக் கருகல் வாசனை பிறகு போகவே போகாது. உபரிக் கருவி ஒன்று வைத்திருந்தால் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்பை யாராவது மலிவாகத் தந்தால் தொடாதீர்கள். அவற்றின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் தடை. இன்று கிடைப்பவை கள்ளச் சரக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு எவரும் பொறுப்பில்லை.

சென்னைக்கு ஒரு மாதம் போகிறேன். கொண்டு போகலாமா?
— வாசகர், குரோய்டன்

கூடாது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதியும் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூர் வழியாகப் போனால் இன்னும் கவனம், அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம்.

அங்கே போய் சிகரெட்டுக்குத் திரும்பிவிடாமல் இருப்பதுதான் முக்கியம். 2 மி.கி. நிகோட்டின் சூயிங்கம் சென்னை மருந்துக்கடைகளில் கிடைக்கும். சும்மா மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, வெற்றிலையை அதக்குவதுபோலக் கன்னத்தில் அதக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு சூயிங்கம் அரைமணி நேரம் வரும்.